ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் இடையில்

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அவர் மஹய்யாவவில் உள்ள எங்கள் வீட்டுப் படிகளில் ஏறி வந்தார். நேரத்தை நான் குறித்து வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முதல் நாள் தொலைபேசியில் அம்மா கேட்டிருந்தார். "நாலரைக்கும் ஐஞ்சரைக்கும் இடையில வருவன், அக்கா" என்பது பதில். தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தார்.

"ரேடியோவுல மழை எப்ப வரும்னு சொல்ற மாதிரியே சொல்றாங்கடி."

அதனால்தான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன எல்லைக்குள் வந்து சேர்ந்தார். எங்களோடு இருந்த காலம் முழுவதும், அநேகமாக எப்போதும், சொன்ன எல்லைக்குள்ளேயே வந்து சேர்ந்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்தவர்; புள்ளிவிபரவியல் படித்தவர்; என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பல்லேகலவில் தேயிலையைச் சலித்து, கலந்து, பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு உத்தியோகம் கிடைத்து வந்திருந்தார். அதே தொழிற்சாலையின் சலிப்புக் கூடத்தில் அம்மா பல வருடங்களாக வேலை செய்துகொண்டிருந்தார். அப்பா கொழும்பில், முன்னறை சும்மா கிடந்தது. அறை தேடிக்கொண்டிருந்தவரை அம்மாவே அழைத்து வந்தார். தொழிற்சாலையில் "மிஸ்" என்று கூப்பிட்ட வாய்க்கு வீட்டில் வேறு சொல் வரவில்லை. அவரோ அம்மாவை "அக்கா" என்றார். நான் அவரை "அக்கா" என்றேன். இந்த உறவுமுறையை யாராலும் ஒரு வரிசையில் நிறுத்த முடியாது.

எதையும் ஒரே எண்ணால் சொல்ல மறுப்பது அவருடைய குணம். அது விளையாட்டல்ல. தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு துளியும் சொல்லிவிடக் கூடாது என்ற பிடிவாதம்.

"மிஸ், ராத்திரி எத்தன மணிக்குச் சோறு போட?"

"ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் இடையில வந்திடுவன், அக்கா."

"அதுல எது?"

"அது எனக்குத் தெரியாது. அதாலதான் இப்பிடிச் சொல்லுறன்."

பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் போட்டி உள்ள நாட்களில் எல்லை அகன்றுவிடும். "இண்டைக்கு மட்ச். ஆறுக்கும் எட்டரைக்கும் இடையில." அப்படி ஒரு நாள் அம்மா பொறுமை இழந்தார்.

"நிச்சயமா ஒரு நேரத்தச் சொல்லுங்களேன் மிஸ், கறி ஆறிப் போயிருதுல்ல."

"நிச்சயம் கூடக்கூட இடைவெளியும் கூடும், அக்கா. நூற்றுக்கு நூறு நிச்சயம் வேணுமெண்டா, இண்டைக்கும் நாளைக்கும் இடையில வருவன்."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. அவர் கதிரையிலிருந்து எழுந்து அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"எவ்வளவு காலமா இந்த இருமல்?"

"மழைக்கு வர்றதுதான் மிஸ்."

"மழை இல்லாத நாளிலயும் இருமுறியள். எனக்குச் சுவருக்கு அங்கால கேக்குது."

ஆக, அவர் கேட்டிருந்தார். இதை நான் இங்கே குறித்துவைக்கிறேன்.

அந்தக் குணத்தை நான் மதித்தேன். பல்கலைக்கழகத்தில் எங்கள் வகுப்பில் "மகத்தான", "காலத்தை வென்ற" போன்ற அடைமொழிகள் எவருடைய அனுமதியும் இன்றிப் பறந்துகொண்டிருந்தன. மாலையில் வீடு திரும்பினால், தன் வாக்கியத்தைத் தன் அறிவின் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளும் ஒருவர் இருந்தார். என் கட்டுரைகளில் "எப்போதும்" என்று எழுதிய இடங்களை அவர் காட்டிய பிறகு "பெரும்பாலும்" என்று மாற்றியிருக்கிறேன். அவை அதனால் மேம்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்டிச் சந்தைக்கு அவரோடு போவது எனக்குக் கூச்சமாக இருக்கும். தோடம்பழக் குவியலுக்கு முன்னால் நின்று, மேலே துடைத்து அடுக்கியிருந்த பழங்களைத் தொடாமல், அடியிலிருந்து ஒன்று, பின்பக்கத்திலிருந்து ஒன்று என்று உருவி எடுப்பார். கடைக்காரர் அவரை நன்றாக அறிவார்.

"எல்லாம் ஒரே இனிப்புத்தான் ஈக்கி, மகள். மேலால உள்ளத எடுங்களே."

"மேல அடுக்கினது இனிக்குமெண்டு எனக்குத் தெரியும், நானா. அது நீங்கள் எனக்காகத் தெரிஞ்சு வச்சது. அடியில கிடக்கிறதைத் திண்டு பாத்தாத்தான் குவியலைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியும்."

"சரி, திண்டீங்க. இனிப்பா, புளிப்பா?"

"மூண்டு பழத்தில ஒண்டும் சொல்லேலாது."

"அல்லாவே, இந்தப் புள்ளைக்கு மாப்பிள பாக்கிற ஆக்கள நெனச்சாத்தான் பாவமா ஈக்கி."

அவரும் சிரித்தார். ஆட்கள் மாப்பிள்ளை பார்க்கத்தான் செய்தார்கள். மே மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தாயார் ஒரு வரனைப் பற்றித் தொலைபேசியில் சொன்னார். வங்கியில் வேலை, நல்ல குடும்பம், படமும் வந்தது. அவர் படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "மறுக்கிறதுக்கு ஒரு காரணமும் தெரியேல்லை, அம்மா" என்றார். அடுத்த வாரம், சமையலறையில் அவர் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய சித்தி ஒருவரிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. கல்யாண மண்டபம் பேசியாகிவிட்டதாம்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுத் தாயாரை அழைத்தார்.

"மறுக்கக் காரணமில்லை எண்டுதானே சொன்னனான். ஓமெண்டு எப்ப சொன்னனான்? ரெண்டும் ஒண்டோ, அம்மா? ... இல்லை, பிறகு இல்லை, இப்ப. மண்டபத்துக்கு இப்பவே அடிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

தாயார் சொல்லவில்லை. அவரே மண்டபத்தின் இலக்கத்தைத் தேடி எடுத்து, அழைத்து, பதிவை நீக்கச் செய்தார். பிறகு சித்திக்கும் ஒரு செய்தி அனுப்பினார். போஞ்சியை மறுபடி எடுத்து நறுக்கத் தொடங்கினார்.

"எங்கட பாடத்தில பிள்ளையள் விடுற முதல் பிழை இதுதான், தங்கச்சி."

அன்றுதான் அவர் தன் தொழிலின் அடிப்படையை எனக்கு விளக்கினார். தேயிலைப் பொதி நிரப்பும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அது சராசரியாகச் சரியான நிறையைப் போடுகிறதா என்று அறிய வேண்டும். எல்லாப் பொதிகளையும் பிரித்து நிறுக்க முடியாது. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றை எடுத்து நிறுக்கிறார்கள். அந்தச் சிலவற்றின் சராசரி கிடைக்கிறது. அதிலிருந்து எல்லாப் பொதிகளின் உண்மையான சராசரி எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று ஓர் இடைவெளியைக் கணிக்கிறார்கள். விசாரணை தொடங்கும்போது, இயந்திரம் சரி என்று வைத்துக்கொள்வார்கள். அது சூனியக் கருதுகோள். அதைத் தள்ளுவதற்கு வலுவான ஆதாரம் வேண்டும்.

"ஆதாரம் கிடைக்காட்டி?"

"தள்ளேலாது. ஆனா, மிசின் சரியெண்டு நிரூபிச்சதா அர்த்தமில்லை. நான் எடுத்துப் பாத்தது காணாதெண்டும் இருக்கலாம். தள்ளாமல் விடுறது வேற, ஏற்றுக்கொள்ளுறது வேற. இது விளங்காத ஆக்கள்தான் மண்டபம் பிடிக்கிறவை."

நான் சிரித்தேன். அந்த வாக்கியத்தை நாட்குறிப்பில் எழுதவும் செய்தேன்.

ஜூன் மாதத்தில் சலிப்புக் கூடத்துப் பெண்கள், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரம் ஒன்று பூட்டித் தருமாறு நிர்வாகத்திடம் கேட்டார்கள். அந்தக் கூடத்தில் தேயிலைத் தூள் காற்றில் மிதக்கும். மாலையில் அம்மாவின் மூக்கைத் துடைத்த துணி பழுப்பாக இருக்கும். முதலில் அளந்து பார்ப்போம், அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு மேல் தூசி இருந்தால் பூட்டுவோம் என்று முகாமையாளர் சொன்னார். அளக்கும் பொறுப்பு எங்கள் முன்னறையில் இருந்தவருக்கு வந்தது. அம்மாவுக்கு அன்று திருவிழா.

"நம்ம மிஸ்தான் அளக்கப் போறாங்க. இனி என்ன கவல?"

அவர் மட்டும் கவலையோடு இருந்தார். "ஆறு நாள்தான் தந்திருக்கினம், அக்கா. காணாது. இருபத்துநாலு நாளாவது வேணுமெண்டு கேட்டனான். கருவி வாடகைக்கு எடுத்ததாம்."

"ஆறு நாளு போதாதா? தூசி கண்ணுக்கே தெரியுதே மிஸ்."

"கண்ணுக்குத் தெரியிறதை எழுதேலாது, அக்கா."

கருவி சிறியது. இடுப்பில் காற்றை உறிஞ்சும் ஒரு பம்பியைக் கட்டி, கழுத்துப் பட்டியில் ஒரு வடிகட்டியைக் குத்திவிடுவார்கள். அணிபவர் சுவாசிக்கும் காற்றின் தூசி அந்த வடிகட்டியில் படியும். நாளுக்கு ஒருவர் அணிய வேண்டும். முதல் நாளே அம்மாவின் முறை. மாலையில் அம்மா பெருமையோடு கதை சொன்னார்.

"காலையில வெள்ளனவே போயி, கூடம் முழுக்கக் கூட்டி, நடைபாதையில தண்ணி தெளிச்சு, மெசினெல்லாம் ஈரத் துணியால தொடச்சு வச்சுட்டோம். மிஸ் வந்து நிக்கிறப்ப குப்பையாக் கெடந்தா நமக்குத்தானே கேவலம். அந்தச் சாமான கழுத்துல மாட்டினதும் நான் சல்லடப் பக்கமே போகல. அழுக்காகிட்டா மிஸ்ஸுக்குப் பேச்சு விழுமேன்னு கதவோரமா நின்னுகிட்டேன்."

அம்மா தெல்தெனியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிறார் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் முழுவதும் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். பார்க்க வருபவர் முன்னால் இடத்தைச் சுத்தமாக வைப்பது அங்கே மானத்தோடு சம்பந்தப்பட்டது. கூடத்துப் பெண்களில் அநேகர் அப்படி வளர்ந்தவர்களே. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவருடைய கை நின்றது.

"நாளைக்கும் தெளிப்பியளோ?"

"தெளிக்காம? ஆறு நாளும் தெளிப்போம் மிஸ். நீங்க பாட்டுக்கு வாங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார். தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடியில் கிடக்கும் பழத்தைத் தேடி எடுப்பவர் அவர். ஆயினும் ஆறு நாட்களும் அவருக்காக அடுக்கி வைத்த காற்றையே அளந்தார். அப்போது நான் அதையும் அவருடைய ஒழுக்கத்தின் பகுதி என்றே எடுத்துக்கொண்டேன். அளப்பவர் அளக்கப்படுவதில் தலையிடுவதில்லை போலும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

முடிவை அவர் எனக்குக் காட்டினார். எண்களை இங்கே மாற்றி எழுதுகிறேன். அவற்றுக்கிடையிலான உறவை மாற்றவில்லை. அனுமதிக்கப்பட்ட எல்லை பத்து என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாட்களின் சராசரி பதினொன்றுக்கும் சற்று மேலே. தண்ணீர் தெளித்தும், கதவோரம் நின்றும், பத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் ஆறு நாட்களே ஆகையால் இடைவெளி அகலமானது: ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை. பத்து அதற்குள் அடங்கிவிட்டது. கூடத்தில் தூசி எல்லைக்குள் இருக்கிறது என்பதே சூனியக் கருதுகோள். அதைத் தள்ள முடியவில்லை.

"இருபத்துநாலு நாள் தந்திருந்தா?" என்று கேட்டேன்.

"இதே சராசரியும் இதே ஏற்ற இறக்கமும் வந்திருந்தா, தள்ளியிருக்கலாம்" என்றார், கணிப்பானை மூடியபடி.

அறிக்கையில் அவர் எழுதிய வாக்கியம் பிழையற்றது: தூசியின் சராசரி அளவு எல்லையைத் தாண்டியுள்ளது எனக் கூறப் போதிய ஆதாரம் இல்லை. நான்கு நாட்கள் கழித்து, வியாழக்கிழமை, தொழிற்சாலை அறிவித்தல் பலகையில் சிங்களத்தில் ஒரு வாக்கியம் ஒட்டப்பட்டது. அம்மா அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வந்தார். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்: தூசியின் அளவு எல்லைக்குள் இருப்பது பரிசோதனை மூலம் உறுதிசெய்யப்பட்டுள்ளது, ஆகவே இயந்திரம் பற்றிய கோரிக்கை முடிவுறுத்தப்படுகிறது.

அன்று மாலை அவர் சொன்ன எல்லைக்குள் வந்தார். அம்மா தேநீரை வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தார். அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அது இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், அப்போ கூடத்துல தூசி இல்லைங்களா?"

"அப்பிடி நான் எழுதேல்லை, அக்கா."

"அப்ப இருக்குங்களா?"

"அப்பிடியும் சொல்லேலாது."

"நாங்க தண்ணி தெளிச்சது தப்பாப் போச்சா மிஸ்?"

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "அதையும் சொல்லேலாது."

அம்மா எழுந்து சமையலறைக்குள் போனார். நான் போகவில்லை.

"எல்லைக்குள்ள இருக்குன்னு ஏன் ஆரம்பிச்சீங்க, அக்கா? தாண்டியிருக்குன்னு ஆரம்பிச்சு, இல்லைன்னு காட்டுற வேலய அவங்களுக்குக் குடுத்திருக்கலாமே?"

"வழமை அப்பிடித்தான், தங்கச்சி."

"பலகையில போட்டிருக்கிறது பிழைதானே?"

"நான் எழுதினதில பிழையில்லை."

"நீங்க எழுதினத நான் கேக்கல."

"எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாக்கேல்லை" என்றார் அவர், மெதுவாக. "டிசம்பரிலதான் தருவினம்."

"மண்டபத்துக்கு மட்டும் ஒடனே போன் எடுத்தீங்க. ரெண்டும் ஒண்டோன்னு கேட்டீங்க. இதுவும் அதே பிழைதான்."

"அது என்ர வாழ்க்கை, தங்கச்சி."

அவர் அதைச் சொல்ல எண்ணியிருக்கமாட்டார். சொல்லிய பிறகு, திரும்பப் பிடிக்க முனைவதுபோல் அவருடைய உதடுகள் அசைந்தன. எங்கள் வீட்டில் அவர் சொன்ன வாக்கியங்களுள் இடைவெளி எதுவும் இல்லாத ஒன்று அது. சமையலறையில் பாத்திரம் கழுவும் ஓசை நின்றிருந்தது. அம்மா கேட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டதாக அவர் ஒருபோதும் காட்டிக்கொள்ளவில்லை.

டிசம்பரில் அவரை நிரந்தரமாக்கினார்கள். ஜனவரியில் குண்டசாலைப் பக்கம் அறை பார்த்துக்கொண்டு போனார். அம்மாவுக்குச் சேலை ஒன்று வாங்கித் தந்தார். அம்மா அதை அலுமாரியில் வைத்திருக்கிறார், கட்டுவதில்லை. சென்ற வருடம் அம்மா வேலையை விட்டார். படியேறி வந்தால் இப்போது இரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. தலையணைக்குப் பக்கத்தில் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து இருக்கிறது. எத்தனை வருடமாக எங்கே வேலை செய்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். சொன்னோம். காரணம் அதுவாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். விறகடுப்பின் புகை, கண்டியின் குளிர், தலைமுறை வழியாக வருவது என்று வேறு பலவற்றையும் எண்ணிச் சொன்னார்.

மருத்துவர் சொன்னது சரி. அந்தக் கூடம்தான் அம்மாவை இப்படி ஆக்கியது என்று என்னாலும் எழுத முடியவில்லை. ஒரே ஒரு தாய், ஒரே ஒரு நுரையீரல். எழுதிப் பார்க்கிறேன், கை "பெரும்பாலும்" என்கிறது, "கூடும்" என்கிறது. என் கட்டுரைகளில் அவர் திருத்திய கை அது. புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் அவரிடமிருந்து வாழ்த்து வருகிறது. நான் வாசிக்கிறேன். பதில் எழுதுவதில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் காலை அவர் வழமைக்கு முன்பே எழுந்து, நகரத்தில் விடியற்காலையிலேயே திறக்கும் மருந்துக்கடை ஒன்றுக்குப் போய் வந்தார். அம்மா சோற்றுப் பொதி கட்டிக்கொண்டிருந்தார். அவர் கடதாசிப் பையிலிருந்து இரண்டு முகக்கவசங்களை எடுத்தார். பெருந்தொற்றுக் காலத்தில் நாமெல்லோரும் மாட்டிக்கொண்ட மெல்லிய நீல நிறக் கவசங்கள் அல்ல. தடித்தவை, மூச்சு வெளியேற முன்னால் சிறு வால்வு வைத்தவை. ஒன்றை அம்மாவின் சோற்றுப் பொதியின்மேல் வைத்தார்.

"இது எதுக்கு மிஸ்? தூசிதான் இல்லைன்னு போட்டுட்டாங்களே."

அவர் மற்றக் கவசத்தைத் தன் கைப்பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.